கப்பம் தண்டிய ஊர் பேரரசானது எப்படி?

மங்கோலியருக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த மாஸ்கோ என்ற சிற்றூர், சில நூற்றாண்டுகளில் பசிபிக் கடல் வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. கேட்டவர் தம்முடைய ஊகத்தையும் கூடவே சொல்லியிருக்கிறார். சைபீரியா ஆளில்லாத நிலம், முதலில் போனவருக்குக் கிடைத்தது. மீதியெல்லாம் இவான், பீட்டர் என்ற இரண்டு முரட்டு மன்னர்களின் கைவேலை என்பது அவர் எண்ணம். முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி பாதிதான் சரி.

இந்த வரலாற்றைப் போர்களின் பட்டியலாகப் படித்தால் எதுவும் விளங்காது. மாஸ்கோ தோற்ற போர்களும் ஏராளம். வரிவசூலின் வரலாறாகப் படித்துப் பாருங்கள். ஏன் கிழக்கே அவ்வளவு வேகம், ஏன் மேற்கே அவ்வளவு தடுமாற்றம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்காரும்.

மாஸ்கோவின் பெயர் ஏடுகளில் முதன்முதலாக வருவது 1147-இல். 1238-இல் மங்கோலியத் தலைவர் பாத்து கானின் படை அதைக் கொளுத்தியபோது, அது விளாதிமீர் சிற்றரசின் ஓரத்தில் இருந்த ஒரு மரக்கோட்டை. விளாதிமீரின் பெருங்கோமகன் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி 1263-இல் இறந்த பிறகு, கடைக்குட்டி மகன் தனியேலுக்குப் பங்காக வந்தது இந்த ஊர். கடைசிப் பிள்ளைக்குக் கிடைக்கும் பங்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1301-இல் கொலோம்னாவும் 1303-இல் மொஜாய்ஸ்கும் கைக்கு வந்தபின், மாஸ்கோ ஆறு ஏறக்குறைய முழு நீளத்துக்கும் அவர்கள் வசமானது. அப்போதும் அருகிலிருந்த த்வேர் சிற்றரசே பலசாலி.

த்வேரின் கதையை முடித்தது 1327. அந்த ஆண்டு கானின் தூதர் ஒருவர் படையோடு த்வேருக்கு வந்து செய்த அட்டூழியம் தாங்காமல் ஊர் மக்கள் எழுந்து, தாத்தார்கள் என்று ரஷ்யர் அழைத்த அந்த மங்கோலியப் படையினரைக் கொன்றுவிட்டார்கள். மாஸ்கோவின் கோமகன் முதலாம் இவான் உடனே, கப்பம் வாங்கிய மங்கோலிய அரசான தங்க நாடோடிக் கூட்டத்தின் தலைநகருக்குப் போனார்; கானின் படையைக் கூட்டிக்கொண்டு வந்து, சொந்த மதத்தவரும் பங்காளிகளுமான த்வேர்க்காரர்களின் நாட்டைச் சூறையாடினார். இதற்குக் கைமாறாகப் பெருங்கோமகன் பட்டமும், காலப்போக்கில் மற்றச் சிற்றரசுகளின் கப்பத்தையும் தண்டிக் கானுக்கு அனுப்பும் பொறுப்பும் அவரிடம் வந்தன. அவருக்கு வழங்கிய பட்டப்பெயர் கலிதா. பணப்பை என்று பொருள். ஜமீனுக்கு வரி தண்டிய மணியக்காரர் இரண்டு தலைமுறையில் ஜமீன் நிலத்துக்கே சொந்தக்காரர் ஆவது நாம் அறியாததல்ல. கலிதாவின் வாரிசுகள் செய்ததும் அதுதான். கப்பம் கட்ட முடியாத கோமகன்களுக்குக் கடன் கொடுத்தார்கள், அவர்களுடைய ஊர்களை வாங்கினார்கள். இதே காலத்தில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமைப் பேராயரும் விளாதிமீரிலிருந்து மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். பணமும் பூசையும் ஒரே ஊரில் சேர்ந்துவிட்டன.

1380-இல் தோன் ஆற்றங்கரையில் நடந்த குலிக்கோவா போரில் மாஸ்கோவின் திமித்ரி தாத்தார் படையை வென்றார். ரஷ்யப் பாடநூல்கள் இதைப் பெரிதாகக் கொண்டாடும். இரண்டே ஆண்டுகளில் தொக்தமிஷ் கான் வந்து மாஸ்கோவை எரித்தார், கப்பம் மறுபடியும் ஓடத் தொடங்கியது என்பதைச் சின்ன எழுத்தில் போடும். உண்மையான திருப்பம் 15-ஆம் நூற்றாண்டில் வந்தது. அது மாஸ்கோவின் வீரத்தால் வரவில்லை. தங்க நாடோடிக் கூட்டம் தானாகவே உடைந்து கசான், கிரிமியா, அஸ்திரகான், சிபிர் என்று பல கான் அரசுகளாகச் சிதறியது. 1480-இல் உக்ரா ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு படைகள் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்றன. பிறகு பெரிய போர் எதுவும் இல்லாமலே இரண்டும் ஊர் திரும்பின. மங்கோலிய நுகத்தடி முறிந்த நாள் என்று சொல்லப்படுவது இதைத்தான்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் மூன்றாம் இவான். என்னைக் கேட்டால், இந்த அரசின் உண்மையான நிறுவனர் அவர்தான். ‘பயங்கர’ இவானுக்குக் கிடைத்த புகழ் இவருக்குக் கிடைக்காமல் போனதற்கு, இவர் அவ்வளவு கொடூரமாக இல்லாததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இவர் செய்த பெரிய காரியம் நொவ்கொரதைச் சேர்த்துக்கொண்டது. வடக்கே வெண்கடல் வரை, கிழக்கே யூரல் மலை வரை ரோமத்தோல் வணிகத்துக்காகக் கைநீட்டியிருந்த வணிகக் குடியரசு அது. ஊர்ச்சபையைக் கூட்ட அங்கே ஒரு மணி இருந்தது. 1471-இல் ஷெலோன் ஆற்றுப் போரில் தோற்று, 1478-இல் முழுவதுமாகப் பணிந்தபோது, இவான் அந்த மணியைக் கழற்றி மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

மணியைவிட முக்கியமானது நிலம். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நொவ்கொரத் நிலவுடைமையாளர்களை ஆயிரக்கணக்கில் வேறு பகுதிகளுக்குப் பெயர்த்து அனுப்பி, அவர்களுடைய நிலங்களை மாஸ்கோவின் குதிரைவீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார் இவான். இதற்குப் பமேஸ்தியே என்று பெயர். நிலம் வீரனுக்குச் சொந்தமல்ல. அழைக்கும்போதெல்லாம் குதிரையோடும் ஆயுதத்தோடும் வந்து நிற்கும் வரை அதன் விளைச்சலை அனுபவிக்கலாம். கையில் பணமில்லாத அரசு பெரிய படை வைத்துக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீரர்கள் பெருகப் பெருகப் புதிய நிலம் வேண்டும். நிலத்தில் உழைக்க ஆளும் வேண்டும். விரிவாக்கம் மன்னனின் ஆசையாக மட்டும் இல்லாமல் அரசின் தேவையாக மாறியது இந்த இடத்தில்தான்.

(இடையில் ஒன்று. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பே, பாமினி சுல்தான்களின் பீதருக்கு வந்து போன அபனாசி நிகீதின் த்வேர் ஊர் வணிகர். ஊர் திரும்பும் வழியில், ஸ்மலேன்ஸ்கை அடையும் முன்பே இறந்துவிட்டார். அவருடைய த்வேரை 1485-இல் மாஸ்கோ விழுங்கியது.)

கசானுக்கு வருவோம். வோல்கா ஆற்றின் நடுப்பகுதியில் இருந்த இந்தக் கான் அரசை நான்காம் இவான், அதாவது ‘பயங்கர’ இவான், இரண்டு முறை தாக்கித் தோற்றார். குளிர்காலத்தில் போனால் பனி உருகிப் பீரங்கிகள் ஆற்றில் மூழ்கும். படைக்குப் பக்கத்தில் தங்க இடமும் கிடையாது. அதற்குக் கண்டுபிடித்த வழியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வோல்காவின் மேற்பகுதியில், கசானிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, உக்லிச் ஊர்ப்பக்கத்துக் காட்டில் ஒரு முழுக் கோட்டைக்கான மரங்களை வெட்டினார்கள். சுவர், கோபுரம், தேவாலயம் எல்லாவற்றையும் இழைத்துச் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு மரத்திலும் அடையாளக் குறி வெட்டி, மறுபடி பிரித்து ஆற்றில் மிதக்கவிட்டார்கள். 1551-இன் வசந்தத்தில் வெள்ளத்தோடு வந்த மரங்களை, கசானுக்கு முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஸ்வியாகா ஆறு கலக்கும் மேட்டில் குறி பார்த்து மறுபடி பூட்டினார்கள். ஏறக்குறைய நான்கே வாரத்தில் ஸ்வியாஷ்ஸ்க் என்ற கோட்டை நகரம் எழுந்துவிட்டது. எதிரியின் வாசலிலேயே களஞ்சியமும் ஆயுதக்கிடங்கும் தயார்.

மறு ஆண்டு முற்றுகையில் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 1552 அக்டோபர் 2-ஆம் தேதி கசான் விழுந்தது. மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் வண்ணக் குவிமாடங்களோடு நிற்கும் புனித பசில் தேவாலயம் இந்த வெற்றிக்காகக் கட்டப்பட்டதே.

கோட்டை விழுந்ததோடு நாடு பணிந்துவிடவில்லை. வோல்காக் கரையின் மாரி, சுவாஷ், தாத்தார் மக்கள் அடுத்த முப்பது ஆண்டுகளில் அலை அலையாகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆனால் வரிமுறையில் மாஸ்கோ கைவைக்கவே இல்லை. கசான் கானுக்கு யசாக் என்ற பெயரில் கட்டிய வரியை, அதே பெயரில் ஜாருக்குக் கட்டினால் போதும். தாத்தார் பிரபுக்கள் பலரைப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். கானின் நாற்காலியில் ஜார் உட்கார்ந்தார், கணக்கேடு பழையதுதான். 1556-இல் அஸ்திரகானும் வீழ, வோல்கா முழுவதும் ரஷ்ய ஆறாகி, பாரசீகத்துக்கு வழி திறந்தது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அஸ்திரகானில் இந்திய வணிகர்களுக்கென்றே தனி விடுதி இருந்தது. பெரும்பாலும் முல்தான் பக்கத்து வணிகர்கள், துணியும் வட்டிக்கடையும் அவர்கள் தொழில்.

இனி சைபீரியா. யூரலுக்கு இந்தப் பக்கம் உப்புக் காய்ச்சிப் பெருஞ்செல்வர்களான ஸ்த்ரோகனவ் குடும்பத்துக்கு, 1558-இல் காமா ஆற்றோரத்தில் பெரும் நிலப்பரப்பை எழுதிக்கொடுத்தார் இவான். கோட்டை கட்டலாம், ஆட்களை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கூலிக்கு அமர்த்திய கொசாக் (எல்லைப்புறத்தில் சுதந்திரமாகத் திரிந்த போர்வீரர்) தலைவர் எர்மாக், சில நூறு பேரோடு மலையைத் தாண்டி, 1582-இல் சிபிர் அரசை ஆண்ட குச்சும் கானின் தலைநகரைப் பிடித்தார். வில்லுக்கு எதிராகத் துப்பாக்கி. இது பலமுறை சொல்லப்பட்ட கதை. ஆனால் 1585-இல் எர்மாக் ஆற்றில் மூழ்கி இறந்ததும் எஞ்சியவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுத் திரும்பினார்கள். ஜார் பரிசளித்த கவசத்தின் கனமே அவரை மூழ்கடித்தது என்பது மரபுக்கதை. ஆக, வீரசாகசம் தோல்வியில்தான் முடிந்தது.

வென்றது அதற்குப் பின்னால் வந்த தச்சர்கள். 1586-இல் த்யூமென், 1587-இல் குச்சுமின் பழைய தலைநகருக்கு அருகிலேயே தொபோல்ஸ்க் என்று கோட்டைகள் எழுந்தன. சைபீரியாவின் பேராறுகளான ஓப், எனிசேய், லேனா மூன்றும் வடக்கே ஓடுகின்றன; கிழக்கே போக உதவாது என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். துணையாறுகளைப் பாருங்கள். அவை கிழக்கு மேற்காகக் கிளைத்து, ஒன்றின் தலைப்பு இன்னொன்றின் தலைப்புக்கு மிக அருகே வந்துவிடுகிறது. ஓப் ஆற்றின் கிளையான கேத் வழியாக மேலேறி, சிறிது தூரம் தரையில் சுமையை இழுத்துச் சென்றால் எனிசேய். அங்கிருந்து அங்காரா, இலீம்; மறுபடி ஒரு தரைவழி; பிறகு லேனா. இந்தத் தரைவழிகளின் முனைகளிலும் ஆறுகள் கூடும் இடங்களிலும் ஒஸ்த்ரோக் என்ற மரவேலிக் கோட்டை ஒவ்வொன்று. எனிசேய்ஸ்க் 1619, யாகூத்ஸ்க் 1632. 1639-இல் இவான் மஸ்க்வீத்தினும் ஒரு சிறு கொசாக் கூட்டமும் ஒகோத்ஸ்க் கடற்கரையில் நின்றார்கள். எர்மாக்கின் வெற்றியிலிருந்து பசிபிக் வரை 57 ஆண்டுகள்.

அவர்களை இழுத்துக்கொண்டு போனது சேபிள் என்ற சிறு விலங்கின் தோல். ஒரு பகுதியில் வேட்டை குறைந்ததும் அடுத்த ஆற்றுக்கு நகர்ந்தார்கள். தோல்களை நாற்பது நாற்பதாகக் கட்டி, முத்திரை வைத்து மாஸ்கோவுக்கு அனுப்புவார்கள். அங்கே இவற்றுக்கென்றே 1637-இல் சைபீரியத் துறை என்று தனி அலுவலகம் அமைந்தது. தோல் பணத்துக்குப் பணம், தூதர்களுக்குப் பரிசு. துருக்கியரோடு போரிட்டுக்கொண்டிருந்த புனித ரோமானியப் பேரரசர் ருடால்புக்கு 1595-இல் ரஷ்யா அனுப்பிய உதவியில் ஒரு நாணயம் கிடையாது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சேபிள் தோல், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணில் தோல் என்று வண்டி வண்டியாகப் போய் இறங்கியது.

‘ஆளில்லாத நிலம்’ என்ற கூற்றுக்கு இங்கேதான் பதில். ஆளில்லாத நிலத்தில் யாரிடம் வரி தண்டுவது? காந்தி, மான்சி, எவெங்கி, புரியாத், யாக்கூத் என்று எத்தனையோ இனத்தார், மொத்தம் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் அங்கே வாழ்ந்தார்கள். மாஸ்கோவுக்கு வேண்டியிருந்ததே அவர்களுடைய வேட்டைத் திறன்தான். நடைமுறை இப்படி: கொசாக்குகள் வருவார்கள், குலத்தலைவரின் மகனையோ தம்பியையோ பிடித்துக் கோட்டையில் அடைப்பார்கள். அந்தப் பிணைக்கைதிக்கு அமானத் என்று பெயர். சொந்தக்காரர்கள் ஆண்டுதோறும் தோல் கொண்டுவந்து, அவன் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். பதிலுக்குச் சில கெண்டிகள், கத்திகள், மணிகள், ரொட்டி.

மாஸ்கோவிலிருந்து ஆளுநர்களுக்குப் போன ஆணைகள், யசாக்கை அன்பாகத் தண்டுங்கள், கொடுமை செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரக்கம் என்று நினைக்க வேண்டாம். செத்த வேட்டைக்காரன் வரி கட்டமாட்டான். ஞானஸ்நானம் விஷயத்திலும் இதே கணக்கு. கிறிஸ்தவரானவர் யசாக் பட்டியலிலிருந்து நழுவிவிடுவார் என்பதால், இவ்வளவு பக்தி பேசிய அரசு 17-ஆம் நூற்றாண்டில் சைபீரியாவில் மதமாற்றத்துக்கு அவசரம் காட்டவில்லை. ஆணைகள் எப்படி இருந்தாலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த கொசாக் செய்ததுதான் சட்டம். கொள்ளை, பெண்களைக் கடத்துதல், கிளர்ச்சி, பழிவாங்கல் எல்லாம் நடந்தன. 1630-களிலிருந்து பெரியம்மை வேறு பரவி, முகாம் முகாமாக மக்களைக் கொண்டுபோனது.

கிழக்கில் ரஷ்யர்கள் நின்றது ஒரே இடத்தில். 1640-களில் அமூர் ஆற்றுக்குத் தானியம் தேடிப் போனவர்கள் அங்கே சீனாவின் சிங் பேரரசின் படையைச் சந்தித்தார்கள். நாற்பதாண்டு இழுபறிக்குப் பிறகு, 1689-இல் நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கையில் அமூரை விட்டுக்கொடுத்துச் சீன வணிகத்தை வாங்கிக்கொண்டார்கள். சிங் தரப்புக்கு மொழிபெயர்த்த இரண்டு இயேசு சபைப் பாதிரியார்களின் உதவியோடு, ஒப்பந்தம் லத்தீனில் எழுதப்பட்டது. எதிரே வலுவான அரசு ஒன்று நின்றால் படகும் மரவேலியும் போதாது.

தெற்கிலும் மேற்கிலும் நிலைமை எப்போதுமே அப்படித்தான். 1571-இல்கூடக் கிரிமியக் கான் தெவ்லெத் கிரேய் மாஸ்கோவைக் கொளுத்திவிட்டுப் போனார். 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மட்டும் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ரஷ்யர்களைக் கிரிமியர்கள் அடிமைகளாகப் பிடித்துச் சென்றதாகக் கணக்கு. இதைத் தடுக்க 1635 முதல் பெல்கொரத் அரண் வரிசை எழுந்தது. மண்சுவர், அகழி, வெட்டிச் சாய்த்த மரங்கள், கோட்டை ஊர்கள் என்று ஏறக்குறைய 800 கிலோமீட்டர். அதன் நிழலில் உழவர்கள் கருமண் நிலத்துக்குள் மெல்ல இறங்கினார்கள். சைபீரியாவில் ஒரு கூட்டம் சில ஆண்டுகளில் கடந்த தூரத்தை, இங்கே கடக்க ஒரு தலைமுறை பிடித்தது.

மேற்கில் ‘பயங்கர’ இவான் பால்டிக் கடலோர லிவோனியாவைப் பிடிக்க 1558-இல் தொடங்கிய போர் 25 ஆண்டு நீண்டு, ஒரு சாண் நிலமும் மிஞ்சாமல் முடிந்தது. இடையில் அவரே ஏவிவிட்ட ஒப்ரிச்னினாப் படை சொந்த நாட்டைச் சூறையாடியது. வரியும் போரும் தாங்காமல் உழவர்கள் ஓடினார்கள். உழவன் ஓடினால் குதிரைவீரனுக்குச் சோறு இல்லை. எனவே உழவர் இடம்பெயரத் தடைமேல் தடை வந்து, 1649-இன் சட்டத் தொகுப்பில் பண்ணையடிமை முறை முழுமையாகப் பூட்டப்பட்டது. பேரரசின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் சைபீரிய வேட்டைக்காரருக்கு அடுத்தபடியாக இவர்களைத்தான் காட்டுவேன். இதற்கிடையே வாரிசு அற்றுப்போய், 1601-03 பஞ்சத்தில் நாடு நொறுங்கி, 1610-இல் போலந்துப் படை கிரெம்ளினுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த குழப்பக்காலமும் வந்து போயிற்று. அப்போதும் சைபீரியத் தோல் வருவது நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1654-இல் உக்ரைன் கொசாக்குகள் போலந்தை எதிர்க்க ஜாரின் துணையைத் தேடினார்கள். பெரேயாஸ்லாவ் ஊரில் சத்தியம் செய்யும் நேரத்தில், ஜார் சார்பாக நீங்களும் எங்களுக்குச் சத்தியம் செய்யுங்கள் என்று ஹெட்மன் (கொசாக் தலைவர்) ஹ்மெல்னித்ஸ்கி தூதர் புத்தூர்லினைக் கேட்டார். குடிமக்களுக்கு ஜார் சத்தியம் செய்யும் வழக்கம் இல்லை என்று தூதர் மறுத்துவிட்டார். கொசாக்குகள் கூட்டணி என்று நினைத்தார்கள், மாஸ்கோ அடிபணிவு என்று எழுதிக்கொண்டது. அன்றைய அந்தப் பிணக்கு இன்றுவரை தீரவில்லை. பிறகு நடந்த போரின் முடிவில், 1667-இல் இரண்டே ஆண்டுகளுக்கு என்று சொல்லிக் கீவ் நகரை வாங்கினார்கள், திருப்பித் தரவேயில்லை. 1686-இல் 1,46,000 ரூபிள் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள்.

பீட்டர் வந்து செய்தது, மேற்கில் வெல்லும் அளவுக்கு இந்த வரி இயந்திரத்தை முறுக்கியது. 1700-இல் நார்வாவில் ஸ்வீடனிடம் படுதோல்வி. 1703-இல் நேவா முகத்துவாரத்தில் பீட்டர்ஸ்பர்க். 1709-இல் பல்தாவாவில் பதிலடி. 1721-இல் நிஸ்டாட் உடன்படிக்கையில் லிவோனியா, எஸ்டோனியா, இங்க்ரியா, கரேலியாவின் ஒரு பகுதி எல்லாம் ரஷ்யாவுக்கு. வென்ற பிறகும் தோற்ற ஸ்வீடனுக்கு 20 லட்சம் தாலர் கொடுத்தார் பீட்டர். பிடித்ததை விலைக்கு வாங்கியதுபோல் பத்திரம் பண்ணிக்கொள்ளும் மாஸ்கோவின் பழைய புத்தி. படைச்செலவுக்கு ஒவ்வோர் ஆண் தலைக்கும் வரி என்று புதிய கணக்கெடுப்பு நடந்தது. அதைத் தண்டும் வேலையில் படைப்பிரிவுகளே ஊர்களில் இறக்கப்பட்டன.

1721 அக்டோபரில் பீட்டர் ‘பேரரசர்’ பட்டத்தை ஏற்றார். ஆகவே ரஷ்யப் பேரரசு எப்போது தொடங்கியது என்று தேர்வில் கேட்டால் 1721 என்று எழுதுங்கள்; ஆனால் கசானைச் சேர்த்துக்கொண்ட 1552-லேயே அது பேரரசாகிவிட்டது என்பது என் கருத்து. புதிய பட்டத்தைப் பிரஷ்யாவும் நெதர்லாந்தும் உடனே ஏற்றன, ஸ்வீடன் 1723-இல் ஏற்றது. மற்ற அரசுகள் நெடுநாள் முரண்டு பிடித்தன. போலந்து ஒப்புக்கொண்டது 1764-இல்தான். அதன் நிலத்தில் முதல் பங்கை 1772-இல் ரஷ்யா, பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் சேர்ந்து எடுத்துக்கொண்டது.